ஆழ்மூளைத் தூண்டல்: எந்த நரம்பை எழுப்புவது, எதைத் தூங்கவிடுவது

பார்கின்சன் நோய்க்காக மூளையின் இரு பக்கமும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்னும் சிறு நரம்புத் திரளில் லீட் என்னும் மெல்லிய மின்கம்பி பொருத்திய நோயாளிக்கு, முதல்முறை கருவியை இயக்கி அளவு வைப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. இந்த வேலைக்குப் பழகும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் உயிர்மருத்துவப் பொறியாளர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. நோயாளியின் வீட்டார் படித்தால் அந்த நீண்ட காலைப்பொழுதில் என்ன நடக்கிறது என்று புரியும். ஆனால் அளவுகளை வீட்டில் மாற்றிப் பார்ப்பதற்கான குறிப்பு இல்லை இது.

லீட் மிகச்சரியாக உட்கார்ந்திருந்தும் பலன் கிடைக்காமல் போவதுண்டு. பெரும்பாலும் மின்னோட்டம் தவறான காண்டாக்ட் (லீட் நுனியிலுள்ள உலோக மின்முனை) வழியே போயிருக்கும், அல்லது எல்லாக் காண்டாக்டையும் பார்க்குமுன்னே யாரோ ஒன்றில் நிறுத்தியிருப்பார்கள்.

மின்சாரம் எதைத் தொடுகிறது

வழக்கமான லீட்டின் விட்டம் 1.27 மி.மீ. அதன் நுனியில் ஒவ்வொன்றும் 1.5 மி.மீ. உயரமுள்ள நான்கு உலோக வளையங்கள் இருக்கும். வளையங்களுக்கு இடையிலான இடைவெளி ஒரு வகையில் 0.5 மி.மீ., இன்னொரு வகையில் 1.5 மி.மீ. புதிய திசை லீட்டுகளில் நடுவிலுள்ள இரண்டு வளையங்கள் மும்மூன்று துண்டுகளாகப் பிரிந்திருக்கும். மேலேயும் கீழேயும் முழு வளையம், ஆக எட்டுக் காண்டாக்ட். கம்பி தோலுக்கடியில் கழுத்து வழியாக இறங்கி, மார்பில் காறை எலும்புக்குக் கீழே உள்ள, மின்துடிப்பை உண்டாக்கும் பல்ஸ் ஜெனரேட்டரில் சேர்கிறது.

ஒரு தனி நியூரானைத் தேர்ந்தெடுத்துத் தட்டியெழுப்பும் திறன் இந்தக் கருவிக்குக் கிடையாது. ஒளியால் தூண்டும் ஆப்டோஜெனடிக்ஸ் முறையில் அது முடியும். ஆனால் அதற்கு ஒளியுணரும் புரதத்தின் மரபணுவை முதலில் அந்தச் செல்லுக்குள் செலுத்தியாக வேண்டும். மின்சாரத்தை மட்டும் நம்பியிருக்கும் நமக்கு நான்கு பிடிகள்தான் உண்டு: இடம், திசை, பல்ஸ் அகலம் (ஒரு மின்துடிப்பு நீளும் நேரம்), அதிர்வெண். மில்லிஆம்பியர் பிடியல்ல, அது மின்புலத்தை எல்லாப் பக்கமும் பெருக்கும், அவ்வளவே.

பல்ஸ் அகலம் ஏன் தேர்வுக் கருவியாகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். மயலின் என்னும் காப்புறை போர்த்திய தடித்த ஆக்ஸான்கள் (நரம்புச் செல்லின் நீண்ட இழைகள்) சில பத்து மைக்ரோவினாடி நீளும் துடிப்புக்கே எழுந்துவிடும். செல் உடல்களுக்கு மில்லிவினாடிக் கணக்கில் வேண்டும். 60 மைக்ரோவினாடியில் நாம் எழுப்புவது பெரும்பாலும் ஆக்ஸான்களைத்தான். பக்கத்திலேயே ஓடும், தசைகளுக்கான கட்டளைகளைக் கொண்டுசெல்லும் இன்டர்னல் கேப்ஸ்யூலும் ஆக்ஸான் கட்டுதான் என்பதே சிக்கல். பல்ஸைக் குறுக்கினால் தொலைவில் உள்ள இழைகள் முதலில் விடுபடும். 30 அல்லது 40 மைக்ரோவினாடிக்கு இறங்கும்போது பலனுக்கும் பக்கவிளைவுக்கும் நடுவே உள்ள இடைவெளி விரிவது அதனால்தான்.

அதிர்வெண்ணின் கதை 1987இல் கிரெனோபிளில் தொடங்குகிறது. அலீம் லூயி பெனாபிட்டின் குழு, மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸில் குறைந்த அதிர்வெண் நடுக்கத்தைக் கூட்டுவதையும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அதிர்வெண் அதை நிறுத்துவதையும் கண்டது. இன்றைக்கும் தொடக்க அளவு 130 ஹெர்ட்ஸ்தான்.

முன்தயாரிப்பு

அறுவைக்குப் பின் இரண்டு முதல் நான்கு வாரம் பொறுங்கள். லீட் நுழைந்த இடத்து வீக்கமே சில நாள் நோயைத் தணித்துவிடும். லீசன் விளைவு என்பார்கள். அது இருக்கும்போது அளவு வைத்தால் கருவி செய்ததா, வீக்கம் செய்ததா என்று பிரிக்க முடியாது. வீக்கம் வற்ற வற்ற மின்தடையும் மாறும்.

நோயாளி முந்திய இரவு முதல் பார்கின்சனுக்கான முதன்மை மருந்தான லெவோடோபா எடுக்காமல் வர வேண்டும்; குறைந்தது 12 மணி நேரம். டோபமைனைப் போலச் செயல்படும் அகோனிஸ்ட் மாத்திரைகளுக்கு இன்னும் நீண்ட இடைவெளி தேவை. காலை முதல் நேரத்தைக் கொடுங்கள். மருந்து இல்லாத உடம்போடு மதியம்வரை காக்க வைப்பது கொடுமை. சோர்ந்த நோயாளியின் பதில்களும் நம்பத்தக்கவையாக இரா. அறுவைக்குப் பின் எடுத்த சிடியை, முன்பு எடுத்த எம்ஆர்ஐயோடு பொருத்திய படத்தைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். திசை லீட் என்றால் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் படத்திலேயே பாருங்கள். திட்டமிட்ட திசையிலிருந்து லீட் சுழன்றிருப்பது அரிதல்ல.

காண்டாக்ட் எண்ணை ஒருமுறை உரக்கச் சொல்லிச் சரிபாருங்கள். ஒரு நிறுவனத்தில் கீழ்நுனி 0, இன்னொன்றில் 1. இதில் தலைகீழாகக் குழம்பினால் அன்றைய குறிப்பு முழுவதும் வீண்.

மின்தடை முதலில்

எதையும் இயக்குமுன் எல்லாக் காண்டாக்டின் மின்தடையையும் அளக்க வேண்டும். ஜெனரேட்டரின் உறையை நேர்மின்முனையாக வைத்து அளந்தால் வளையங்களுக்குப் பொதுவாக 500 முதல் 1500 ஓம் வரும். துண்டுக் காண்டாக்டுக்குப் பரப்பு குறைவு, ஆகவே தடை கூடுதல். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். பல ஆயிரம் ஓம் காட்டினால் கம்பி அறுந்திருக்கும் அல்லது இணைப்புத் திருகு பிடிக்காமல் இருக்கும். இரண்டு காண்டாக்டுகளுக்கு இடையே 250 ஓமுக்குக் கீழே இறங்கினால் அவை எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. பழைய மின்னழுத்தக் கருவிகள் மிகக் குறைந்த வோல்ட்டில் அளக்கும்போது நல்ல காண்டாக்டையும் அறுந்ததாகக் காட்டும். சிகிச்சை அளவுக்கு வோல்ட்டை உயர்த்தி மறுபடி அளந்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் கருவியில் 3 வோல்ட், 1000 ஓமில் 3 மில்லிஆம்பியர். தடை 1500 ஆனால் 2தான். திரையில் எண் மாறாது, நோயாளிக்கு மட்டும் பலன் குறையும். மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு காண்டாக்டாக

கீழ்நுனியிலிருந்து தொடங்கி, காண்டாக்டை எதிர்மின்முனையாகவும் ஜெனரேட்டர் உறையை நேர்மின்முனையாகவும் வையுங்கள். 60 மைக்ரோவினாடி, 130 ஹெர்ட்ஸ். இவை இரண்டையும் தேடல் முடியும்வரை தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மறுபக்க மூளையின் தூண்டல் நிறுத்தப்பட்டிருக்கட்டும். திசை லீட்டானாலும் மூன்று துண்டுகளையும் சேர்த்து ஒரே வளையமாக முதலில் சோதியுங்கள்.

பூஜ்யத்திலிருந்து 0.5 மில்லிஆம்பியர் படிகளாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் அரை நிமிடம் நின்று எதிர்ப்பக்க மணிக்கட்டின் விறைப்பைப் பாருங்கள். நோயாளி மறுகையைத் திறந்து மூடிக்கொண்டிருக்க, நீங்கள் மணிக்கட்டைத் தளர்வாக அசைக்க வேண்டும். ஒளிந்திருக்கும் விறைப்பும் அப்போது வெளிப்படும். விறைப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது நொடிகளில் பதில் சொல்லும், நோயாளியின் முயற்சியைச் சார்ந்ததும் அல்ல. நடுக்கம் பேச்சுக்கும் பதற்றத்துக்கும் ஏறி இறங்கும். விரல் தட்டும் வேகம் களைப்பால் குறையும். அவற்றையும் பாருங்கள், தீர்ப்பை மட்டும் அவற்றிடம் விடாதீர்கள்.

விறைப்பு தெளிவாகத் தளரும் அளவைக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். பக்கவிளைவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அந்தக் காண்டாக்டைப் பற்றி எதுவும் தெரிந்ததாகாது. பக்கவிளைவு நெருங்கும்போது படியை 0.2 ஆகக் குறைத்து, அது நிலைத்து நிற்கும் அளவைக் குறியுங்கள். 5 மில்லிஆம்பியர் வரை ஒன்றும் வராவிட்டால் அதையும் எழுதுங்கள். லீட் தொலைவில் இருப்பதற்கான அறிகுறியாகலாம்.

எடுத்துக்காட்டாக, இரண்டாம் காண்டாக்டில் 1.5இல் பலன், 2.2இல் வாய் கோணல். மூன்றாம் காண்டாக்டில் 2.0இல் பலன், 4.0இல்தான் ஊசி குத்தும் கூச்சம். விரைவாகப் பலன் தந்தது இரண்டாவது. தேர்ந்தெடுக்க வேண்டியது மூன்றாவது, ஏனென்றால் இடைவெளி மூன்றாவதில் 2.0, இரண்டாவதில் 0.7. வரும் மாதங்களில் அளவைக் கூட்டியே ஆக வேண்டும். கூட்ட இடமில்லாத காண்டாக்ட் முதல் நாள் மட்டுமே அழகு.

கருவியை நிறுத்தினால் நடுக்கம் நிமிடங்களில் திரும்பும். விறைப்பும் மந்தமும் முழுதாகத் திரும்ப அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். நடை, நிற்கும் நிலை போன்றவை மணிக்கணக்கில். அத்தனை நேரம் காத்திருக்க எந்தக் கிளினிக்கிலும் இயலாது. ஆகவே கடைசியில் சோதித்த காண்டாக்ட், முன்னதன் மிச்சப் பலனால் தகுதிக்கு மீறி நன்றாகத் தோன்றும். இதற்கு ஒரு எளிய வழி: எல்லாம் முடிந்ததும், முன்னணியில் நிற்கும் இரண்டு காண்டாக்டுகளை வரிசை மாற்றி மறுபடி பாருங்கள்.

பக்கவிளைவே திசைகாட்டி

எந்தப் பக்கவிளைவு வந்தது என்பது, மின்புலம் எந்தப் பக்கம் கசிந்தது என்று சொல்லிவிடும். நியூக்ளியஸின் வெளிப்பக்கமும் முன்புறமும் இன்டர்னல் கேப்ஸ்யூல். அதைத் தொட்டால் எதிர்ப்பக்க வாயோரம் இழுக்கும், விரல்கள் மடங்கும், பேச்சு குழறும். இது பழகிப்போகும் என்று காத்திருக்காதீர்கள், பழகாது. அளவைக் கூட்டும்போது தளர்ந்த மணிக்கட்டு திடீரென மறுபடி இறுகினால் நோய் அடங்கவில்லை என்று எண்ணி இன்னும் கூட்டத் தோன்றும். உண்மையில் அது கேப்ஸ்யூலின் தசை இறுக்கம், குறைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கக் கையிலோ காலிலோ ஊசி குத்துவதுபோல் கூச்சம் வந்தால் மின்புலம் பின்பக்கம், தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் மீடியல் லெம்னிஸ்கஸைத் தொடுகிறது. ஏற்றிய சில நொடிகளில் வந்து மறைந்தால் பொருட்படுத்த வேண்டாம், நின்றால்தான் கணக்கு. ஒரு கண் மட்டும் விலகி இரட்டைப் பார்வை வந்தால் உட்பக்கம், கண்ணை அசைக்கும் மூன்றாம் கபால நரம்பின் இழைகள். இரு கண்ணும் சேர்ந்தாற்போல் ஒரு பக்கம் திரும்பினால் அது வெளிப்பக்கக் கேப்ஸ்யூல். இந்த இரண்டையும் குழப்பினால் மின்னோட்டத்தை நேர் எதிர்த்திசையில் தள்ளிவிடுவீர்கள். வியர்வை, சூடேறுதல், குமட்டல் எல்லாம் உட்பக்கம் அல்லது கீழே.

மிகக் கீழுள்ள காண்டாக்டில் மனநிலையைக் கவனியுங்கள். காரணமற்ற சிரிப்பு, ஓயாத பேச்சு, அல்லது சட்டென்று கவியும் அழுகை வரலாம். நோயாளி தாமாகச் சொல்லமாட்டார். உடன் வந்தவர் முகம் மாறுவதைப் பார்த்தே பலமுறை தெரியவரும்.

கைகால் தானாக அலையும் டிஸ்கைனீசியா தூண்டலால் வந்தால் கவலை வேண்டாம். லீட் நல்ல இடத்தில் இருப்பதற்கு அது சான்று. அளவைக் குறைத்து மெல்லக் கூட்டுங்கள், அல்லது ஒரு படி மேலுள்ள காண்டாக்டையும் சேருங்கள்.

திசையைத் திருப்புதல்

வளையமாகச் சோதித்ததில் நல்ல பலன், ஆனால் இடைவெளி குறுகல் என்றால் அந்த உயரத்தில் மட்டும் மூன்று துண்டுகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எல்லா உயரத்திலும் இதைச் செய்தால் நோயாளி களைத்துவிடுவார், ஆதாயமும் இல்லை.

துண்டின் பரப்பு சுமார் 1.5 சதுர மி.மீ., முழு வளையத்தினது 6. பாதுகாப்புக்குப் பின்பற்றும் வரம்பு ஒரு துடிப்புக்கு, சதுர செ.மீ.க்கு 30 மைக்ரோகூலும். 3 மில்லிஆம்பியர், 60 மைக்ரோவினாடி என்றால் 0.18 மைக்ரோகூலும்; வளையத்தில் 3, துண்டில் 12. அதே துண்டில் 5 மில்லிஆம்பியரும் 90 மைக்ரோவினாடியும் வைத்தால் சரியாக 30ஐத் தொட்டுவிடும். அளவு வைக்கும் கருவியான புரோகிராமர் எச்சரிக்கும், ஆனால் எச்சரிக்கை ஏன் வருகிறது என்று தெரியாமல் தாண்டிப் போகக் கூடாது.

திசை இல்லாத லீட்டில் இருமுனை முறை உண்டு: பக்கத்து வளையத்தை நேர்மின்முனையாக்கினால் புலம் ஒடுங்கும். அதே பலனுக்கு மின்னோட்டம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் அளவு

முதல் நாள் 1 முதல் 1.5 மில்லிஆம்பியரில் நிறுத்தி, லெவோடோபா கொடுத்து, மருந்தும் மின்சாரமும் சேரும்போது டிஸ்கைனீசியா மிஞ்சுகிறதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள். அடுத்தடுத்த வருகைகளில் 0.2, 0.3 என்று கூட்டிக்கொண்டே மருந்தைக் குறைக்கலாம். நிலைபெற மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மருந்தை ஒரேயடியாக வெட்டினால், குறிப்பாக அகோனிஸ்ட்டை, எதிலும் நாட்டமில்லாத சோர்வு வரும். குடும்பத்தார் அதைக் கருவியின் குற்றம் என்பார்கள். நோயாளியின் கையிலுள்ள ரிமோட்டுக்குச் சிறிய வீச்சு கொடுக்கலாம், மேல்வரம்பு பக்கவிளைவு தொடங்கும் அளவுக்குக் கீழேயே இருக்கட்டும்.

பின்னால் சரிவராதபோது

பேச்சு குழறினால் பல்ஸைக் குறுக்குங்கள் அல்லது காண்டாக்டை மேலேற்றுங்கள். நடையில் கால் ஒட்டிக்கொண்டால் அதிர்வெண்ணை 60 முதல் 80க்கு இறக்கி மில்லிஆம்பியரைச் சற்றுக் கூட்டிப் பார்க்கலாம். நடுக்கம் மிகுந்தவர்களுக்கு இது ஒத்துவராது, நடுக்கம் திரும்பிவிடும். பலன் விட்டுவிட்டு வந்தால் கழுத்துப் பகுதியில் எக்ஸ்ரே எடுத்துக் கம்பியைப் பாருங்கள். தலையைத் திருப்பச் சொல்லியும் மின்தடையை அளந்து பாருங்கள்.

ஒரே நாளில் எல்லா அறிகுறியும் திரும்பினால் வேறெதையும் யோசிக்குமுன் பேட்டரியையும் கருவி இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். பல ஆண்டு தூண்டலில் இருந்தவருக்குத் திடீரென நிற்பது உடல் முழுதும் இறுகி, விழுங்க முடியாமல், உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய மருந்தளவு அப்போது முழுதாகக் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. பேட்டரி மாற்றும் அறுவையை அவசரமாகக் கருதுங்கள்.

உடற்பயிற்சிச் சிகிச்சையில் திசுவைச் சூடாக்கத் தரும் டயாதெர்மி இவர்களுக்கு எக்காரணம் கொண்டும் கூடாது. அதன் ஆற்றல் கம்பி வழியே ஏறி லீட் நுனியில் மூளையைச் சுட்டுவிடும், கருவி நிறுத்தப்பட்டிருந்தாலும் கூட. எம்ஆர்ஐ எடுக்குமுன் லீட், கம்பி, ஜெனரேட்டர் மூன்றின் மாதிரி எண்ணையும் பார்த்து அனுமதிக்கப்பட்ட நிபந்தனையில் மட்டும் எடுக்க வேண்டும். முதல் நாள் தாளில் காண்டாக்ட் வாரியாக எழுதிய இரண்டு அளவுகளோடு இந்த மாதிரி எண்களையும் சேர்த்து, ஒரு பிரதியை நோயாளியிடம் கொடுத்துவிடுங்கள். வேறு ஊரில், வேறு மருத்துவர் கருவியைத் திறக்கும் நாளில் தேடலை மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.