வீட்டு நீச்சல் குளம்: தண்ணீரை அளந்து பார்த்துப் பராமரிப்பது எப்படி?

புதிதாகக் குளம் கட்டியவர்கள் முதலில் கேட்பது, ‘எவ்வளவு குளோரின் போடணும்?’ என்பதுதான். குளத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. அதனால் வேலையை அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: கொள்ளளவைக் கணக்கிடுங்கள்

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் எடுத்துப் பெருக்கி, வந்த விடையை 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1.2 மீட்டர், மறுமுனையில் 1.8 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். தரை சீராகச் சரிந்திருந்தால் சராசரி ஆழம் 1.5 மீட்டர். ஆக மொத்தம் 48,000 லிட்டர். வட்டக் குளம் என்றால் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14-ஆலும் ஆழத்தாலும், பிறகு 1000-ஆலும் பெருக்கினால் போதும்.

இந்த எண்ணை பம்ப் அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். இனி எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை. 1 பிபிஎம் என்பது 1000 லிட்டருக்கு 1 கிராம். நம் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் உயர்த்த 48 கிராம் குளோரின் தேவை. 65 சதவீதக் குளோரின் தூள் என்றால் 74 கிராம், 10 சதவீதத் திரவம் என்றால் கிட்டத்தட்ட அரை லிட்டர்.

படி 2: தண்ணீர் ஓடட்டும்

தேங்கி நிற்கும் தண்ணீரை எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. பம்ப் தினமும் 8 மணி நேரமாவது, வெயில் இருக்கும் பொழுதில் ஓடட்டும். குளத்து நீர் முழுவதும் நாளுக்கு ஒரு முறையாவது ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்பதே கணக்கு. நீர்மட்டம், மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். ஸ்கிம்மர் கூடையையும் பம்ப் கூடையையும் அடிக்கடி காலி செய்யுங்கள்.

மணல் ஃபில்டரில் ஒரு அழுத்தமானி இருக்கும். சுத்தம் செய்தவுடன் அது காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவும் நேரம் வந்துவிட்டது. பம்பை நிறுத்துங்கள், நிறுத்திய பிறகுதான் வால்வின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும், ஓடும்போது திருப்பினால் உள்ளே ரப்பர் கிழிந்துவிடும். பேக்வாஷுக்குத் திருப்பி பம்பை ஓடவிட்டால், பக்கத்துக் கண்ணாடிக் குமிழில் பழுப்பாகத் தண்ணீர் வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது தெளிந்துவிடும். நிறுத்தி, ரின்ஸுக்குத் திருப்பி அரை நிமிடம், மறுபடி நிறுத்தி ஃபில்டர் நிலைக்கு. அவ்வளவுதான். ஆசைக்கு அடிக்கடி செய்யாதீர்கள். மணலில் கொஞ்சம் அழுக்கு தங்கியிருந்தால்தான் அது நுண்ணிய தூசியையும் பிடிக்கும்.

வாரம் ஒரு முறை சுவர், படிக்கட்டு, ஏணியின் பின்புறம் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வேக்யூம் போடுங்கள். பாசி கண்ணில் படுவதற்கு முன்பே கையில் தட்டுப்படும். சுவரைத் தடவும்போது வழவழவென்று இருந்தால், நீர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

படி 3: சோதித்துப் பாருங்கள்

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் திரும்பி வரும் துவாரத்திலிருந்து தள்ளி, முழங்கை முங்கும் ஆழத்திலிருந்து மாதிரி எடுங்கள். மேல்மட்ட நீர் சரியான கணக்கைக் காட்டாது.

சோதனைப் பட்டை வசதியானது, ஆனால் தோராயமானது. சொட்டு மருந்து கலந்து பார்க்கும் கிட் ஒன்றை வாங்கிவிடுங்கள் என்பதே என் யோசனை. வாங்கும்போது, இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி வகையா என்று பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய வகை, மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். நமக்கு வேண்டியது, இன்னும் வேலை செய்யத் தயாராக இருக்கும் தனிக் குளோரின். மொத்தத்திலிருந்து தனிக் குளோரினைக் கழித்தால் மீதி, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த கட்டுண்ட குளோரின்.

டிபிடியில் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது இளஞ்சிவப்பு நிறத்தையே வெளுத்துவிடும். குழாய் நிறமில்லாமல் நிற்கும்; ‘குளோரினே இல்லை’ என்று மேலும் அள்ளிக் கொட்டுபவர்கள் உண்டு. சொட்டு விட்ட கணத்தில் சிவப்பு தெறித்து மறைந்ததா என்று கவனியுங்கள். சந்தேகமாக இருந்தால் மாதிரியில் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

படி 4: முதலில் காரத்தன்மை, அப்புறம் பிஎச்

கை வைப்பதற்கு முன் சில விதிகள். அமிலத்தையும் குளோரினையும் ஒன்றாகச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் தூளும் டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரையும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூட ஆபத்து. எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண், தாறுமாறாக ஏறி இறங்காமல் பிடித்து வைப்பது இதுதான். அதனால்தான் இதை முதலில் சரிசெய்கிறோம். குறைவாக இருந்தால் சமையல் சோடா போதும்: 1000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். நம் குளத்துக்குச் சுமார் 800 கிராம். கடையில் ‘ஆல்கலினிட்டி கூட்டும் மருந்து’ என்று விற்பதும் பெரும்பாலும் இதே சோடாதான்.

பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம், 7.4 பக்கத்தில் இருந்தால் நல்லது. ஏறிவிட்டால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பம்ப் ஓடும்போது ஆழமான பக்கத்தில் ஊற்றுங்கள். இறங்கிவிட்டால் சலவை சோடா. மருந்து உறையில் சொன்ன அளவில் பாதியைப் போட்டு, சில மணி நேரம் கழித்துச் சோதித்து, பிறகு மீதியைப் போடுவது பாதுகாப்பானது.

பிஎச்சுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? குளோரின் தண்ணீரில் கரைந்ததும் இரண்டு வடிவங்களாகப் பிரிகிறது. கிருமியைக் கொல்வதில் ஒன்று கெட்டிக்காரர், மற்றது சோம்பேறி. பிஎச் 7.5-ல் இரண்டும் பாதிக்குப் பாதி. 8-க்குப் போனால் கெட்டிக்காரர் சுமார் கால்பங்குதான். அதே குளோரின், அதே செலவு, பாதி வேலை.

கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 வரை இருந்தால் போதும். குறைந்தால் சிமெண்ட் பூச்சு அரிக்கும், கூடினால் ஓடுகளில் வெள்ளைப் படலம் படியும்.

படி 5: குளோரினும் அதன் காவலாளியும்

தனிக் குளோரின் 1-க்குக் கீழே இறங்கவே கூடாது, 2 முதல் 4 வரை வைத்திருங்கள். ஆனால் இந்த எண் தனியாக நின்று எதையும் சொல்லாது. கூடவே சயனூரிக் அமிலத்தின் அளவையும் பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் என்று விற்பது இதைத்தான். வெயில் பட்டால் குளோரின் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். அதைப் பிடித்து வைத்துக் காப்பது சயனூரிக் அமிலம். திறந்தவெளிக் குளத்தில் 30 முதல் 50 பிபிஎம் இருக்கலாம்.

அளவு மீறும்போதுதான் வினை. குளோரினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாது. தனிக் குளோரின், சயனூரிக் அமில அளவில் சுமார் 7.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் பாசி அண்டாது என்பது குளம் பராமரிப்பவர்களிடம் புழங்கும் கணக்கு. சயனூரிக் அமிலம் 40 இருந்தால் குளோரின் 3 பிபிஎம் போதும். 100 ஆகிவிட்டால் 7.5 வேண்டும்.

அது எப்படி 100 ஆகும்? மிதவையில் போட்டுவிட்டு மறந்துவிடும் டிரைகுளோர் மாத்திரையால்தான். அது தரும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் கூடவே வந்து சேரும். தினமும் 2 பிபிஎம் செலவானால் மாதத்துக்கு 36 ஏறும். மூன்று மாதத்தில் நூறைத் தாண்டும். குளோரின் தீர்ந்துபோகும், இது போகாது, ஆவியாகவும் ஆகாது. ‘மாத்திரை போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனாலும் பச்சையாகிறது’ என்ற புலம்பலின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும். பாதித் தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் நிரப்புவதே நடைமுறையில் வழி. முழுவதையும் ஒரேயடியாக இறைத்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில் காலிக் குளம் மேலெழும்பி விரிசல் விடும்.

அதனால் என் கட்சி, அன்றாடத்துக்குத் திரவக் குளோரின். வெளியூர் போகும்போது மட்டும் மாத்திரை.

படி 6: ஷாக் சிகிச்சை

‘குளோரின் வாடை தூக்குகிறது, கண் எரிகிறது, அதிகமாகிவிட்டது போல’ என்பார்கள். உண்மை நேர் எதிர். அந்த வாடை கட்டுண்ட குளோரினுடையது. புதுக் குளோரின் போதவில்லை என்று பொருள். கட்டுண்ட அளவு 0.5-ஐ நெருங்கினால் அதைப் போல் 10 மடங்கு குளோரினை ஒரே வீச்சில் சேர்த்து எரித்துவிட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு செய்யுங்கள், வெயில் தின்றுவிடாது.

குளம் பச்சையாகிவிட்டதா? பிஎச்சை 7.2-க்குக் கொண்டுவந்து, சுவரை அழுத்தித் தேய்த்து, குளோரினை 10 பிபிஎம்முக்கு மேல் ஏற்றி, பம்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள். குளோரின் இறங்க இறங்க மறுபடி ஏற்றுங்கள். பச்சை முதலில் சாம்பல் கலந்த வெண்மையாக மாறும். பாசி செத்துவிட்டது, இனி ஃபில்டரின் வேலை. அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அடிக்கடி பேக்வாஷ் தேவைப்படும். குளோரின் 5-க்குக் கீழே இறங்கி, குளத்தின் தரை தெளிவாகத் தெரியும்வரை யாரும் இறங்க வேண்டாம். தரை தெரியாத குளத்தில் ஒருவர் மூழ்கினால்கூடத் தெரியாது.

எதை எப்போது பார்ப்பது?

குளோரினையும் பிஎச்சையும் வாரம் இரண்டு மூன்று முறை, கோடையில் தினமும். காரத்தன்மையை வாரம் ஒரு முறை. சயனூரிக் அமிலத்தையும் கால்சியத்தையும் மாதம் ஒரு முறை. கனமழைக்குப் பிறகும், விருந்தாளிகள் கூட்டமாகக் குளித்த பிறகும் கணக்கே பார்க்காமல் சோதித்துவிடுங்கள்.

குழந்தை குளத்திலேயே மலம் கழித்துவிட்டால், எல்லோரையும் வெளியேற்றி, வலையால் அள்ளி எடுத்து, பிஎச் 7.5-க்கு மேல் போகாமல், குளோரின் 2-க்குக் குறையாமல் அரை மணி நேரம் விடுங்கள். கட்டியான மலத்துக்குத்தான் இது பொருந்தும். வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரணக் குளோரின் அளவில் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். அதைக் கொல்ல 20 பிபிஎம் குளோரினைப் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் வைத்திருக்க வேண்டும், அதுவும் ஸ்டெபிலைசர் இல்லாத குளத்தில். அதனால் வயிறு சரியில்லாதவர்கள் யாராக இருந்தாலும் அன்றைக்குக் கரையிலேயே உட்காரட்டும்.