என்ஜின் மாற்றிய ஜீப்பில் கியர் பாக்ஸ் சென்டர் பார்ப்பது எப்படி?

பழைய மகிந்திரா பெட்ரோல் ஜீப்பில் ஹரிக்கேன் என்ஜினை இறக்கிவிட்டு 2,112 சிசி பெஜோ டீசல் என்ஜினை ஏற்றுகிற வேலை நம் பக்கத்தில் சர்வசாதாரணம். லேத் பட்டறையில் என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்க ஒரு அடாப்டர் பிளேட் அடித்து, பழைய கியர் பாக்ஸையே மாட்டிவிடுவார்கள். வண்டி ஓடும். கொஞ்ச நாளில் கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் பிய்ந்து வரும், ஓடும்போதே போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பழி கியர் பாக்ஸ் மேல். உண்மையில் குறை சென்டரில்: என்ஜினின் கிராங்க் (சுழலும் தண்டு) அச்சும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து சுழற்சியை வாங்கும் தண்டு) அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

போல்ட் இறுக்கத்தான் இருக்கிறது, சென்டர் காட்ட இல்லை. சென்டரைப் பிடிப்பவை இரண்டு டவல் பின்கள், அதாவது துளையில் இறுக்கமாக உட்காரும் உருளைக் குச்சிகள். அவை இல்லாமல் வெறும் போல்ட்டில் நிற்கும் அடாப்டரை நான் அளக்காமல் நம்புவதில்லை.

முதலில் என்ஜின் பிளாக், அடாப்டர், பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி நிற்கும் கூடு) மூன்றின் முகங்களையும் சுரண்டித் துடையுங்கள். பெயின்ட், பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. கிளட்ச் செட் இல்லாமல் ஃபிளைவீலையும் (கிராங்க்கின் பின்முனையில் சுற்றும் கனச் சக்கரம்) ஹவுசிங்கையும் மட்டும் மாட்டி முழு இறுக்கம் கொடுங்கள். குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் கையிலேயே சுற்றும்.

இப்போது டயல் கேஜ், அதாவது நுண்ணிய விலகலையும் முள்ளால் காட்டும் அளவுகருவி. காந்த அடியை ஃபிளைவீல் மேல் ஒட்டி, முனையைப் பெல் ஹவுசிங்கின் நடுத் துளைக்குள், அதாவது கியர் பாக்ஸின் முன் கழுத்து உட்காரும் விளிம்பில், தொட வையுங்கள். கிராங்க்கை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, மேல், கீழ், இடது, வலது என நான்கு இடத்திலும் அளவைக் குறியுங்கள். மொத்த ஆட்டம், அதாவது கூடிய அளவுக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம், 0.25 மி.மீ.க்குள் இருந்தால் சரி. ஆட்டத்தில் பாதிதான் உண்மையான விலகல் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே 0, கீழே கேஜ் முனை 0.40 அமுங்கினால், ஹவுசிங் 0.20 மி.மீ. மேலே ஏறி நிற்கிறது என்று பொருள். கீழே இறக்க வேண்டும். முனை எந்தப் பக்கம் அமுங்குகிறதோ அந்தப் பக்கமே ஹவுசிங்கை நகர்த்துங்கள்.

நகர்த்துவது எப்படி? டவலை எடுத்துவிட்டு, போல்ட்டை லேசாகத் தளர்த்தி, மர சுத்தியலால் தட்டித் தட்டி அளவுக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். மறுபடி அளந்து பார்த்த பிறகே புது டவலுக்குத் துளை போட்டு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விட வேண்டும். அவசரப்பட்டால் அந்தத் துளை தப்பான இடத்தில் நிரந்தரமாகிவிடும்.

அப்புறம் கேஜ் முனையை ஹவுசிங்கின் பின் முகத்தில் வைத்து இன்னொரு சுற்று. கிராங்க்குக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் விளையாட்டு (தளர்வு) உண்டு, அதனால் ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும். இங்கும் அதே 0.25தான். கூடுதலாக இருந்தால் அடாப்டர் பிளேட்டைப் பட்டறையில் முகம் பிடிக்கச் (சீவிச் சமமாக்கச்) சொல்லுங்கள். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது.

இன்புட் ஷாஃப்ட் நீளமும் முக்கியம். நுனி, கிராங்க்கின் பின்முனையில் இருக்கும் பைலட் புஷ்ஷுக்குள் போக வேண்டும், ஆனால் அடியில் முட்டக் கூடாது. முட்டினால் கிராங்க்கின் திரஸ்ட் பேரிங் (முன்பின் தள்ளலைத் தாங்குவது) போகும். சுமார் 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

கியர் பாக்ஸ் கையாலேயே உள்ளே போய் ஹவுசிங்கில் ஒட்டி நிற்க வேண்டும். விரல் அளவு இடைவெளி நிற்கும்போது போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள். அப்படி நின்றால் கிளட்ச் பிளேட் சென்டரில் இல்லை, அல்லது ஷாஃப்ட் எங்கோ முட்டுகிறது.

கடைசியாக, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட். மவுண்ட் மாறினால் என்ஜின் சாய்வும் மாறும். வண்டி தரையில் நாலு சக்கரத்தில் நிற்கும்போது கோணமானியால் அளந்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி) வெளிவரும் அச்சும் பின் டிஃபரன்ஷியலின் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக, 1 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஸ் (ஷாஃப்ட்டின் முனைகளில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்) கோணங்களும் இரு முனையிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சுத்தமாகப் பூஜ்யமும் கூடாது, ஊசி பேரிங் ஒரே இடத்தில் நின்று தேயும்.

ஸ்டார்ட் பண்ணிய பிறகு கிளட்சை மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் பைலட் புஷ் அல்லது ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். நியூட்ரலில், மிதிக்காமல் இருக்கும்போது வந்தால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.