இழப்புக்குப் பின் கிட்டார் செய்யத் தொடங்குவோருக்கு

மனைவி மறைந்த ஆறாவது மாதத்தில் நான் கிட்டார் செய்யத் தொடங்கினேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற புகழ்பெற்ற மின் கிட்டாரை உருவாக்கிய லியோ ஃபென்டருக்கே வாசிக்கத் தெரியாது என்பதால், இதைப் பெரிய குறையாகக் கருத வேண்டியதில்லை. இவ்வேலையை நான் பரிந்துரைக்கக் காரணம், இதில் பாதி நேரம் பசை காய்வதற்கே போகிறது என்பதுதான். இன்றைக்கு இதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது, ஆனால் நாளை மாலை, ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கழற்ற நாம் அங்கே இருந்தாக வேண்டும். மறுநாள் என்ற ஒன்றை நினைத்துப் பார்க்கவே சலிப்பாக இருந்த காலத்தில் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

முதலில் ஓர் எச்சரிக்கை. மறைந்தவரின் கட்டிலையோ அலமாரிக் கதவையோ அறுத்து முதல் கிட்டாரைச் செய்ய வேண்டாம். அந்த ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. முதல் கிட்டாரில் எங்காவது உளி நழுவும், எங்காவது பலகை பிளக்கும், அந்தத் தவறு அந்த மரத்தில் நேர்ந்தால் அதைத் தாங்குவது கடினம். அந்தப் பலகைகளை எடுத்து வைத்துவிட்டு, நைலான் தந்தி பூட்டும் கிளாசிக்கல் கிட்டாருக்கான கிட் (செய்வதற்கான பாகங்களின் தொகுப்பு) ஒன்றை வாங்குங்கள். பக்கப்பலகைகள் வளைத்தே வரும் கிட்டும் கிடைக்கும், வளைக்காத பலகைகளோடு வருவதும் கிடைக்கும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் முன்னதை வாங்குவதே நல்லது.

மரத்துக்கான பணத்தை மேல்பலகையில் செலவழியுங்கள். 1862இல் ஸ்பெயினின் அந்தோனியோ தெ டோரஸ், பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். ஒலியை முடிவு செய்வது மேல்பலகைதான் என்று காட்டவே அப்படிச் செய்தார். அதற்கு ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் ஏற்றது; தடிமன் இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். பின்பக்கத்துக்குத் தோதகத்தி அழகுதான், ஆனால் அதன் தூள் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும் என்பதால், உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

நம் ஊரில் மரத்தைவிடக் காற்றைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மேல்பலகையின் உட்புறத்தில் பிரேஸ் எனப்படும் மெல்லிய சட்டங்களை ஒட்டுகிறோம். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழையில், ஈரம் குடித்து விரிந்திருக்கும் பலகையில் அவற்றை ஒட்டினால், பின்னர் ஏ.சி. அறையில் பலகை சுருங்க முயலும், குறுக்கே ஒட்டிய சட்டங்கள் விடாது, பலகை பிளந்துவிடும். ஆகவே ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் அறையில் பலகையைச் சில நாட்கள் வைத்திருந்து, அதே அறையில் ஒட்டுங்கள்.

பக்கப்பலகையை நீங்களே வளைப்பதானால், இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்து, நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயின் மேல் வைத்து மெல்ல அசைக்க வேண்டும். குழாயில் ஒரு சொட்டு நீர் விட்டால் அது துள்ளி ஓட வேண்டும். அதுவே சூட்டின் அளவு. முதலில் பலகை விறைப்பாகவே நிற்கும். பிறகு ஒரு கணத்தில் உள்ளங்கையின் கீழ் அது இளகுவது தெரியும்; அதற்கு முன் அழுத்தக் கூடாது. நான் அழுத்தினேன். இடுப்பு வளைவில் 'சடக்' என்று முறிந்தது. அன்று முறிந்த பலகையைச் சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில், காலியாக இருந்த நாற்காலியின் எதிரே வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் வேறொரு பலகையை நனைத்தேன். வளைவு மிகக் குறுகலாக இருக்கும் இடுப்பிலிருந்தே தொடங்குவது நல்லது. முறிவதானால் உழைப்பு அதிகம் வீணாவதற்குள் முறிந்துவிடும்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளின் இடங்களுக்குக் கணக்கு ஒன்று போதும். தந்தியின் நீளம் 650 மி.மீ. என்றால் அதை 17.817ஆல் வகுக்க 36.48 வரும், கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையான நட்டிலிருந்து முதல் ஃபிரெட் அவ்வளவு தூரம். மீதியை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி 34.43 மி.மீ.; இரண்டாம் ஃபிரெட் நட்டிலிருந்து 70.91இல் அமையும். பன்னிரண்டாவது சரியாக 325இல் வந்தால் கணக்கு சரி. குறிக்கும்போது ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளக்காமல், எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும்; இல்லையெனில் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

மேல்பலகையின் மீது தந்திகளைக் கட்டும் மரக்கட்டையான பிரிட்ஜை ஒட்டும்போது அவசரப்படாதீர்கள். ஆறு நைலான் தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுவையை அதன் மேல் சுமத்தும். சாதாரண வெள்ளைப் பசை தொடர்ந்த இழுவையில் மெல்ல நழுவக்கூடும் என்பதால், ஆசாரிகள் வச்சிரம் என்று சொல்லும் விலங்குப் பசையே மேல். தந்தி அழுத்தப்படும்போது சுருதி சற்று ஏறும். அதை ஈடுகட்ட, பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடிலைக் கணக்கிட்ட நீளத்தைவிட இரண்டு மி.மீ. அளவுக்குப் பின்தள்ளி வையுங்கள். ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, தந்திகளைப் பூட்டி, முதலில் குறைந்த சுருதியில் வைத்துப் படிப்படியாக ஏற்றுங்கள். நைலான் நீண்டுகொண்டே இருப்பதால், முதல் ஒரு வாரம் தினமும் காலையில் சுருதி இறங்கியிருக்கும். தினமும் மாலையில் உட்கார்ந்து அதைத் திரும்ப ஏற்ற வேண்டும்.