பிள்ளைகளுக்கு எழுதப் பழக்க இணையத்தில் என்ன இருக்கிறது?

திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் முதலில் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து பாருங்கள். பிரதம் புக்ஸ் என்ற இந்தியச் சிறுவர் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய கதைத் தளம் இது, முற்றிலும் இலவசம். தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. அங்குள்ள படங்களை எடுத்துப் பிள்ளையே புதுக் கதை எழுதலாம். சிறிய வகுப்புகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

தரம் 8, 9 பிள்ளைகளுக்கு ‘நூலகம்’ என்ற இலங்கைத் தமிழ் மின்னூலகத் தளம். பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் வாசிக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் நம் நாட்டுத் தமிழிலேயே நல்ல உரைநடையை வாசிக்கட்டும். எழுத்து தானாகத் திருந்தும். பாடப்புத்தகம் வேண்டுமென்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும்.

எழுதத் தயங்கும் பிள்ளையா? போனில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் குரல் தட்டச்சைத் தமிழில் போட்டுப் பேசவிடுங்கள். "கன்னியா ஒரு அழகான இடம்" என்று தொடங்கும். சரி, அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எது கூடச் சூடு, முதல் வாளி தலையில் விழுந்தபோது என்ன செய்தாய் என்று கேளுங்கள். "அம்மா ஊத்தினதும் கத்திட்டன், பிறகு இன்னொரு வாளி கேட்டன்" என்று வரும். அந்த வசனம்தான் கட்டுரையின் தொடக்கம். அப்புறம் அதைக் கொப்பியில் கையால் எழுதி, எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். ல, ள, ழ பிழைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.