பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் யூதர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயேசுவின் பாடுகளைச் சொல்கிற யோவான் 18, 19ஆம் அதிகாரங்களை வாசித்து முடித்ததும் பிரசங்கியார் வாயில் தானாக வந்துவிடுகிற வாக்கியம் ஒன்று உண்டு: "யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்." முதல் தவறு அதுதான். சிலுவை ரோமர்களின் தண்டனை, தீர்ப்பளித்தவன் ரோம ஆளுநன் பிலாத்து. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிப் பாருங்கள், பாடுகளோடு சேர்த்து அதில் வருகிற ஒரே பெயர் அவனுடையதுதான். அன்றிருந்த எல்லா யூதர்மேலும், இன்றுள்ள யூதர்மேலும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' ஏட்டில் எழுதியது. ஆதரவு 2221 வாக்கு, எதிர்ப்பு 88.

"யோவானே 'யூதர்கள்' என்றுதானே எழுதுகிறார்?" என்று கேட்பார்கள். யோவான் 9:22ஐத் திறந்து காட்டுங்கள். பிறவிக் குருடனின் பெற்றோர் "யூதர்களுக்கு" அஞ்சினார்களாம். அந்தப் பெற்றோரே யூதர்கள்! அங்கே அந்தச் சொல் குறிப்பது அதிகாரத்தில் இருந்தவர்களை. ஆகவே வாசகத்தில் கைவைக்க வேண்டாம். விளக்கும்போது மட்டும் "தலைமைக் குருக்கள்", "ஆலயக் காவலர்" என்று ஆளைச் சொல்லிப் பேசுங்கள்.

பரிசேயன், அதாவது அன்றைய யூதச் சமயப் பிரிவு ஒன்றைச் சேர்ந்தவன், என்றாலே வெளிவேடக்காரன் என்பது அடுத்த தவறு. ஏரோது கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர்கள் (லூக்கா 13:31). அப்போஸ்தலருக்காக ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேல் பரிசேயர். "நான் பரிசேயன்" என்று பவுலே சொல்கிறார்.

பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர் என்று பிரிப்பது மார்சியோன் என்ற பழங்காலப் போதகனின் பழைய சரக்கு. இரண்டாம் நூற்றாண்டிலேயே திருச்சபை அதைத் தள்ளிவிட்டது, ஞாயிறு பள்ளியில் மட்டும் இன்னும் ஓடுகிறது. "உன்னைப்போல் பிறனையும் நேசி" லேவியராகமம் 19:18. "கண்ணுக்குக் கண்" என்பதையும் யூத வேத அறிஞர்களான ரபிகள் நஷ்டஈடாகவே படித்தார்கள்: அவர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா காயம், வலி, மருத்துவச் செலவு, வேலை இழப்பு, அவமானம் என ஐந்து கணக்கு போடுகிறது.

யூதாஸை யூத இனத்தின் அடையாளமாக்குவதும் உண்டு. தமிழில் இரண்டு சொல்லும் ஒலியில் நெருக்கம் என்பதால் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. மற்ற பதினொருவரும் யூதர்கள்தானே.

இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கு நாடகம் போடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மத்தேயு 27:25இல் "இவன் இரத்தம் எங்கள்மேல்" என்று கத்துவது அந்த முற்றத்தில் நின்ற கூட்டம். அதை மட்டும் மேடையேற்றினால் பார்க்கிறவர் மனதில் ஓர் இனமே கத்தியதாகப் பதியும். லூக்கா 23:27இல் அழுதுகொண்டு பின்னால் போகிற பெருங்கூட்டத்தையும், 23:48இல் மார்பில் அடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்களையும் சேர்த்துக் காட்டுங்கள். உடையிலும் ஒரு விஷயம்: தலைமைக் குரு கயபாவுக்கும் கூட்டத்துக்கும் மட்டும் யூத அங்கி, சீடர்களுக்கு வெள்ளை உடை என்று தைக்காதீர்கள். இயேசு முதல் பேதுரு வரை எல்லாருக்கும் ஒரே தையல் போதும்.