பழைய டாக்கீஸ் ஹார்னை வீட்டுத் தியேட்டரில் பொருத்துவது எப்படி

ஹார்ன் ஸ்பீக்கர் காதைக் குத்துகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான். மேலே ஹார்னில் பூட்டிய யூனிட், கீழே கனத்த ஓசை தரும் ஊஃபரைவிடப் பத்து டெசிபல் கூடுதலாகக் கத்திக்கொண்டிருக்கும். அல்லது இறங்கக் கூடாத அலைவரிசை வரைக்கும் அதை இறக்கி ஓட்டியிருப்பார்கள். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் பழைய டாக்கீஸ் ஸ்பீக்கர் தரும் வசனத் தெளிவை இன்றைய சின்னப் பெட்டி ஸ்பீக்கர்களில் கேட்பது கடினம். செலவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

அம்மன் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மரத்தில் ஏற்றிக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் இந்த வேலைக்கு ஆகாது. அது உள்ளுக்குள் மடங்கிய புனல். ஏறக்குறைய 300 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரைதான் உருப்படியாகப் பாடும், பலவற்றில் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும். நாம் தேடுவது திரைக்குப் பின்னால் நின்ற இரண்டு வழி ஸ்பீக்கர்: 15 அங்குல ஊஃபர் உள்ள பெரிய பெட்டி, அதன் மேலே கம்ப்ரஷன் டிரைவர் (ஹார்னுக்குள் ஓசையைத் தள்ளும் யூனிட்) பூட்டிய ஹார்ன். ஆல்டெக்கின் ஏ7 இதற்கு நல்ல உதாரணம். 1940களின் நடுவில் தொடங்கிய 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசையைச் சேர்ந்தது அது. ஜேபிஎல் தியேட்டர் செட்டுகளும் இதே வகைதான். இன்னும் பழைய சரக்கில் காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில் (மின்சாரத்தால் காந்தமாகும் சுருள்) இருக்கும். அதற்குத் தனி டிசி சப்ளை வேண்டும் என்பதால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மூடிய தியேட்டரிலிருந்தோ பழைய இரும்புக் கடையிலிருந்தோ எடுக்கும்போது மல்டிமீட்டர், சின்ன டார்ச், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி கையில் இருக்கட்டும். 16 ஓம் யூனிட் மீட்டரில் 10 முதல் 13 ஓம் வரை காட்டும். 8 ஓம் யூனிட் ஆறு ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. ஹார்ன் யூனிட் என்றால் டயாஃப்ரம் (காயிலோடு சேர்ந்து அதிரும் மெல்லிய தகடு) மாற்றினால் சரியாகும், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஊஃபரை மல்லாத்தி வைத்து, இரண்டு உள்ளங்கையையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் காயில் கோணியிருக்கிறது அல்லது இடைவெளியில் துரு விழுந்திருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபோம் விளிம்பு பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். துணி விளிம்பு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். எலி கடித்த கோனைப் பசை போட்டு ஒட்டுவதைவிட ரீகோன் செய்வது, அதாவது புதிய கோன் போடுவது மேல்.

பேட்டரியின் பிளஸ்ஸை ஊஃபரின் சிவப்பு முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் முன்னால் வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஊஃபர்களில் உள்ளே போகும். அது பழுது கிடையாது, அந்தக் கம்பெனி அப்போது வைத்திருந்த முறை. குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு கிராஸ்ஓவரில் (ஊஃபருக்கும் ஹார்னுக்கும் ஓசையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) தேவைப்படும்.

அல்நிகோ காந்தம் உள்ள யூனிட்டைத் தரையில் போடாதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். பின் மூடியைக் கழற்றி டயாஃப்ரத்தை எடுக்கலாம், அதில் தப்பில்லை. காந்தத்தை அதன் இரும்புக் கூட்டிலிருந்து பிரித்தால்தான் பலம் போய்விடும். மறுபடி காந்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். டயாஃப்ரத்தை எடுத்ததும் அந்த வட்ட இடைவெளியில் கருப்புத் தூளும் இரும்புப் பொடியும் ஒட்டியிருக்கும். விசிட்டிங் கார்டு ஓரத்தில் செலோ டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, இடைவெளிக்குள் விட்டுச் சுற்றி எடுங்கள். டேப் சுத்தமாக வெளியே வரும் வரை இதைச் செய்யுங்கள். லேத்துப் பட்டறை மேசையில் இந்த வேலையை ஒருநாளும் செய்யாதீர்கள்.

பெட்டி பெரும்பாலும் கரையான் அரித்ததாகத்தான் கிடைக்கும். அளவெடுத்து ஆசாரியிடம் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். தேக்கு தேவையில்லை. பெட்டியின் உள்ளளவையும் போர்ட் (காற்றுத் துளை) அளவையும் அரை அங்குலம்கூட மாற்ற வேண்டாம். அலுமினிய ஹார்ன் தட்டினால் கோயில் மணி மாதிரி அதிரும். கார் ஆக்சசரீஸ் கடையில் கதவுக்குள் ஒட்டும் டேம்பிங் ஷீட்டை வாங்கி ஹார்னின் வெளிப்புறம் மட்டும் இரண்டு அடுக்கு ஒட்டினால் தட்டும்போது 'டொக்' என்று அடங்கிவிடும்.

எந்த அறை

பழைய நெல்லை வீடுகள் நீளவாக்கில் கட்டியவை: தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை. இதில் பட்டாசல் என்ற கூடம்தான் தோது. மரத் தளம் போட்ட மச்சில் வைக்காதீர்கள். பலகையும் சேர்ந்து அதிரும். அறையின் அளவு அடியில் தெரிந்தால் 572ஐ அந்த அளவால் வகுத்துப் பாருங்கள், நம் ஊர் வெப்பத்தில் அந்தத் திசையில் முதலில் முழங்கும் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 18 அடி நீளம் 32 ஹெர்ட்ஸ். 10 அடி அகலம் 57 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடியே என்றால் அதுவும் 57. இரண்டும் ஒரே இடத்தில் விழுவதால் அந்தச் சுருதி மட்டும் பானைக்குள் பேசுவதுபோல் ஊதும். உயரத்தையும் அகலத்தையும் மாற்ற முடியாது. ஆனால் மூலைகளில் அடைப்பு வைக்கலாம். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டித் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு நிறுத்துவது இதற்கு மலிவான வழி. 57 ஹெர்ட்ஸை அது முழுதாக விழுங்காது, ஆனால் அதற்கு மேலுள்ள இரைச்சல் நன்றாகக் குறையும். நாற்காலியைப் பின்சுவரை ஒட்டிப் போடாமல் மூன்று அடியாவது முன்னால் தள்ளுங்கள். பத்தமடைப் பாயும் ஜமக்காளமும் மிக உயர்ந்த ஓசைகளை மட்டும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அவற்றை நம்பி இருக்க வேண்டாம். சிவப்புத் தரையோ மொசைக்கோ எதுவானாலும், ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் தடித்த கம்பளம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஊஃபர் நடுவுக்கும் ஹார்ன் நடுவுக்கும் ஏறக்குறைய இரண்டு அடி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு இடத்திலிருந்து ஓசை வருவது தெரியும். பத்து, பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்தால் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஹார்ன் நடு காது உயரத்துக்கு வரட்டும், உட்கார்ந்த நிலையில் 38 முதல் 42 அங்குலம். இடது வலது ஹார்ன்களின் நேர்க்கோடுகள் உங்களுக்கு ஓர் அடி முன்னால் வெட்டிக்கொள்ளும்படி உள்பக்கம் திருப்பினால் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் வசனம் நடுவிலேயே கேட்கும்.

திரை வைப்பவர்கள் நெய்த துணித் திரையோ நுண்துளைத் திரையோ போட்டு, இடது, நடு, வலது மூன்று ஹார்னையும் பின்னால் நிறுத்தலாம். ஹார்ன் வாய்க்கும் திரைக்கும் எட்டு அங்குலமாவது விடுங்கள். டிவி வைப்பவர்களுக்கு நடு ஸ்பீக்கருக்கு இடமில்லை. அதற்காகச் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். குரல் இடமிருந்து வலம் போகும்போது ஆளே மாறியதுபோல் கேட்கும். ரிசீவரில் (படத்தின் ஓசையைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) நடு ஸ்பீக்கர் 'இல்லை' என்று வைத்துவிடுங்கள். இரண்டு ஹார்னுமே குரலை நடுவில் நிறுத்தும்.

ஆம்ப்ளிஃபயர்

பெரிய பவர் தேவையே இல்லை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 100 டெசிபல் தரும் ஸ்பீக்கர், மூன்றரை மீட்டரில் 89 தரும். சினிமா அளவில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல்; அதற்கு 40 வாட் போதும். 88 டெசிபல் பெட்டி ஸ்பீக்கருக்கு அதே இடத்தில் 630 வாட் கேட்கும். 16 ஓம் சுமையில் ரிசீவர் பாதி பவர்தான் தரும், 8 ஓமில் 80 வாட் தருபவன் 40 தருவான். கணக்கு சரியாக இருக்கிறது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும்.

கிராஸ்ஓவர்: முக்கால் வேலை இங்கேதான்

ஆல்டெக் 811 ஹார்னை 800 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 511 ஹார்னை 500க்குக் கீழேயும் ஓட்டக் கூடாது. அதற்குக் கீழே ஹார்ன் டயாஃப்ரத்துக்குச் சுமை தராது. பிடிப்பில்லாமல் அது எல்லை மீறி ஆடி விரிசல் விடும். வேறு கம்பெனி ஹார்ன் என்றால் அதன் தாளில் போட்டிருக்கும் குறைந்தபட்ச கிராஸ்ஓவரைப் பாருங்கள்.

பழைய கிராஸ்ஓவர் நெட்வொர்க் பெட்டி கூடவே கிடைத்தால் அதிலுள்ள கப்பாசிட்டர்களை அளந்து, பத்து சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை மாற்றிப் பயன்படுத்தலாம். எண்ணெய் கசிந்த பழைய டப்பாவை வெறுங்கையால் தொடாதீர்கள், அந்த எண்ணெய் நஞ்சாக இருக்கக்கூடும். ஆனால் ரிசீவரில் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்கான வெளியீடு) இருந்தால் டிஎஸ்பி (ஓசையை டிஜிட்டலாகப் பிரித்துச் சரிசெய்யும் கருவி) போட்டு ஊஃபருக்கும் ஹார்னுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் கொடுப்பதே நல்ல வழி. இரண்டு சேனலுக்கு மினிடிஎஸ்பி 2x4 எச்டி. இடது, நடு, வலது மூன்றுக்கும் மூன்று உள்ளீடு ஆறு வெளியீடு உள்ள பெரிங்கர் டிசிஎக்ஸ்2496.

அப்படிச் செய்யும்போது ஹார்னுக்கு முன்னால் ஒரு காவல் கப்பாசிட்டர் கட்டாயம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிசி வந்தாலோ, ஆன் செய்யும்போது 'டும்' என்று அடித்தாலோ அது தடுக்கும். 16 ஓம் யூனிட்டுக்கு 25 மைக்ரோஃபாரட், 8 ஓமுக்கு 50 மைக்ரோஃபாரட். இரண்டுமே 400 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டும், 800 கிராஸ்ஓவருக்கு ஓர் ஆக்டேவ், அதாவது பாதி அலைவரிசை, கீழே. 500ல் வெட்டும் ஹார்னுக்கு இந்த அளவுகளை ஒன்றரை மடங்காக்குங்கள். வெளிநாட்டுச் சரக்கு தேட வேண்டாம்: போர் மோட்டார் பேனலில் போடும் 440 வோல்ட் ரன் கப்பாசிட்டர் பாலிப்ரொப்பிலீன் வகைதான், எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். ஸ்டார்ட் கப்பாசிட்டரை வாங்கிவிடாதீர்கள், அது வேறு வகை.

அடுத்து ஹார்னின் சத்தத்தைக் குறைப்பது. டிஎஸ்பியிலேயே பத்து டெசிபல் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்தால் பாட்டு குறையும், ஆம்ப்ளிஃபயரின் 'ஸ்ஸ்' இரைச்சல் அப்படியே இருக்கும். அமைதியான காட்சியில் அதுதான் கேட்கும். கப்பாசிட்டருக்குப் பிறகு இரண்டு ரெசிஸ்டர் போட்டால் இரண்டும் சேர்ந்து குறையும். 8 ஓம் யூனிட்டுக்கு வரிசையில் 5.6 ஓம், யூனிட்டின் இரு முனைக்கும் குறுக்கே 3.9 ஓம். 16 ஓமுக்கு வரிசையில் 10, குறுக்கே 8.2. எல்லாம் 20 வாட் சிமென்ட் வகை. ஒன்பது முதல் பத்து டெசிபல் இறங்கும், மிச்சத்தை டிஎஸ்பியில் பார்த்துக்கொள்ளலாம்.

டிஎஸ்பியில் இரு பக்கமும் லிங்க்விட்ஸ்-ரைலி வகை வடிகட்டி, ஆக்டேவுக்கு 24 டெசிபல். ஹார்னின் டயாஃப்ரம் ஊஃபர் கோனைவிடப் பின்னால் இருப்பதால் ஊஃபருக்குத் தாமதம் கொடுக்க வேண்டும், ஓர் அடிக்கு 0.87 மில்லிசெகண்ட் கணக்கு. இதை அளவு நாடாவால் தொடங்கி மைக்கால் முடியுங்கள். யுமிக்-1 என்ற அளவீட்டு மைக்கை உட்காரும் இடத்தில் வைத்து, ஆர்இடபிள்யூ மென்பொருளில் சின்னச் சத்தத்தில் ஸ்வீப் (கீழ் ஓசையிலிருந்து மேல் ஓசை வரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். ஹார்னின் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினால் கிராஸ்ஓவர் இடத்தில் கிராஃப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழமாகிறதோ அவ்வளவுக்கு இரண்டின் நேரமும் பொருந்தியிருக்கிறது என்று பொருள். தாமதத்தை 0.05 மில்லிசெகண்டாக நகர்த்தி, மிக ஆழமான இடத்தில் நிறுத்தி, வயரை மறுபடி நேராக்குங்கள். எந்தத் தாமதத்திலும் பள்ளமே விழாமல் மேடாகவே இருந்தால், 'நேர்' என்று நினைத்ததுதான் தலைகீழ். குறித்துவைத்த பேட்டரிச் சோதனையைப் பாருங்கள்.

மேல் ஓசையை நேர்க்கோடாக்க ஆசைப்படாதீர்கள். நாற்காலியில் அளக்கும்போது 100 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 வரை நாலைந்து டெசிபல் மெல்லச் சரிவதுதான் வீட்டில் காதுக்கு இதமானது. ஜேபிஎல் 2360 போன்ற பைரேடியல் ஹார்னுக்கு மட்டும் மூவாயிரம் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றம் கொடுத்தே ஆக வேண்டும், அந்த வடிவத்தின் இயல்பு அது. பழைய யூனிட் 10,000க்கு மேலே தளர்ந்தால் விட்டுவிடுங்கள்.

ரிசீவர் அமைப்பு

எல்லாம் முடிந்த பிறகே ரிசீவரின் தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். முன் ஸ்பீக்கர் 'ஸ்மால்', 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே சப்ஊஃபர். இவ்வளவு பெரிய பெட்டியை 'ஸ்மால்' என்று போட மனம் வராது. ஆனால் டாக்கீஸ் பெட்டிகள் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கச் செய்தவை அல்ல. ரிசீவர் ஸ்பீக்கர் தூரத்தை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். டிஎஸ்பியின் தாமதமும் அதில் சேர்ந்திருப்பதால் கைவைக்க வேண்டாம். முன் ஸ்பீக்கரின் ஒலி அளவு மைனஸ் 12ல் போய் முட்டி நின்றால் அளவீடு பொய். ஆம்ப்ளிஃபயர் கெயினைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

கரண்டும் மழையும்

ஹார்ன் எதையும் மறைக்காது. சதுர அலை இன்வர்ட்டரில் ஓட்டினால் 'ஙொய்' என்று பேசும். சைன் வேவ் வேண்டும். சுழற்றும் பழைய எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இரையும், கப்பாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் இரையாது. ஹம் வந்தால் எர்த் பின்னை ஒடிக்காதீர்கள். ரிசீவர், டிஎஸ்பி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது எல்லாம் ஒரே நொடியில் உயிர்பெறும். டிஎஸ்பி விழிக்கும்போது விடும் சத்தத்தை ஏற்கெனவே ஆன் ஆன ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி ஹார்னில் அடிக்கும். டைம் டிலே உள்ள ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் ஒன்றை ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் போடுங்கள். மற்றவை நிலைத்த பிறகே அது விழிக்கும். ஐப்பசி கார்த்திகை இடிமழையில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், கேபிள் டிவி வயரையும் சேர்த்து.

ஹார்ன் வாயை மெல்லிய துணி போட்டு மூடி வையுங்கள். குளவி அதற்குள் மண்கூடு கட்டும், ஒரு பக்கம் மட்டும் மந்தமாகக் கேட்கும்போதுதான் தெரியவரும். தொண்டையில் விழுந்த மண்ணை ஊதி எடுக்கப் பார்த்தால் அது டயாஃப்ரம் பக்கம் போகும். யூனிட்டைக் கழற்றி, அதன் வாயை டேப்பால் அடைத்து எடுத்துவைத்துவிட்டு, ஹார்னைக் கவிழ்த்துத் தட்டி எடுங்கள்.