காது குத்தின இடத்துல கட்டியா? மொதல்ல என்ன உரசுதுன்னு பாருங்க

தங்கச்சிக்கு காதோட மேல்பக்கம் குருத்தெலும்புல (குருத்துல) குத்தி மூணாவது மாசம், ஓட்டைக்கு ஒட்டுனாப்ல மிளகு அளவுல செவப்பா ஒரு கட்டி. அம்மா மஞ்சளும் தேங்காண்ணெயும் தடவுனாங்க, பக்கத்து காம்பரா வீட்டு அக்கா ஊசியால குத்தி விடச் சொன்னாங்க, ரெண்டுமே செய்யக்கூடாதது. காரணம் கடைசில பாத்தா கம்பளிக் குல்லா. நுவரெலியா குளிருக்கு குல்லாவோட அந்தப் பக்கமே சாஞ்சு தூங்கியிருக்கா, காலைல கழட்டுறப்ப நூலு திருகாணில மாட்டி தெனமும் இழுத்திருக்கு.

நெறைய கட்டி இப்படி உரசல்ல வர்றதுதாங்க. தேயிலைக் கொழுந்தெடுக்க போறவங்களுக்கு கூடைக் கயித்துக்கு அடில தலைல போடுற துணி காத மடக்கி அழுத்தும், அத காதுக்குப் பின்னால தள்ளிக் கட்டுங்க. மத்தப் பக்கம் படுங்க. காதுல கெடக்குற தோட்ட திருகி விடாதீங்க, உள்ள ஆறுன தோலு திரும்ப கிழியும்.

பார்மசில 0.9 சதவீத சேலைன் (உப்புத் தண்ணி) கேட்டு வாங்கி, கைய சோப்பு போட்டு கழுவிட்டு, கோஸ் துணிய நனைச்சு அஞ்சு நிமிசம் வச்சா காஞ்ச பொருக்கு ஊறி தானா வரும். காலைல ஒருக்கா, ராவுல ஒருக்கா, அவ்வளவுதான். பொறவு ஈரத்த ஒத்தி எடுங்க, நம்ம பக்கம் பனியும் மழையுமா இருக்கதுல காது லேசுல காயாது. ஸ்பிரிட், பஞ்சு வேணாம்.

தோடு இருக்க எடத்த சுத்தி அரிச்சு தண்ணி வடிஞ்சா தோட்டுல இருக்க நிக்கல் உலோகம் ஒத்துக்காததா இருக்கலாம், பேன்சி தோட்ட மாத்திட்டு ஒடம்புக்குள்ள வைக்கிற இம்பிளான்ட் தர டைட்டானியமோ நல்ல தங்கமோ போடுங்க. காதோட கீழ் மடல் ஆற ஆறு எட்டு வாரம், குருத்துக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசம் வரைக்கும் போகும், அவசரப்படாதீங்க.

கட்டி ஓட்டையத் தாண்டி பரவி மாசக்கணக்கா வளந்துகிட்டே போனா அது கீலாய்ட்ங்கிற தழும்புக் கட்டி, தோல் டொக்டர்தான் பாக்கணும். ஊசி போட்டு சுருக்குவாங்க. வெறுமன வெட்டுனா திரும்ப வளர்றதுதான் அதிகம்.

காது சூடா வீங்கி, விண்ணு விண்ணுன்னு வலிச்சு, மஞ்சளா பச்சையா சீழோ காய்ச்சலோ வந்தா அன்னைக்கே ஹொஸ்பிட்டல் போங்க, ஒரு நாள் பேரு (நாள் சம்பளம்) போனாலும் பரவால்ல. குருத்துல ரத்த ஓட்டம் கம்மி, சீழ் புடிச்சா காதோட வடிவமே சுருங்கிடும். போறதுக்கு முன்னால தோட்ட கழட்டிடாதீங்க, ஓட்ட மூடி சீழ் உள்ளயே தங்கிடும்.